திருவாளர் எனாங்கா

இன்சொல் என்னும் அறத்துக்குப் பொருட்செலவு இல்லை. ஆயினும் அதனை நாள் முழுதும் காத்து நிற்போர் அரியர். பசித்தவருக்குச் சோறிடுவோரை ஊர் கூடிப் போற்றும். சினந்து வரும் குரல்களுக்கெல்லாம் காலை தொட்டு மாலை வரை குளிர்ந்த குரலில் விடை தருவாரை எவரும் மாலையிட்டு வணங்குவதில்லை. அந்த அறத்தை நோன்புபோல் நோற்று வருபவள் ஒருத்தி துபாயின் அல் குசைஸ் பகுதியில் வாழ்கிறாள். அறந்தாங்கிப் பக்கத்திலிருந்து மணமகளாய் வந்தவள். நாகவள்ளி என்பது அவள் பெயர்.

வீடுகளுக்கும் கடைகளுக்கும் குடிநீர்க் கேன் அனுப்பும் நிறுவனமொன்றில் தொலைபேசி எடுப்பது அவள் பணி. வெயில் ஏற ஏற மனிதரின் பொறுமை இறங்கும் ஊர் அது. தண்ணீர் வரச் சற்றே பிந்தினாலும் ஏச்சு முழுவதும் முதலில் வந்து விழுவது நாகவள்ளியின் காதில்தான்.

"காலைல சொன்னது, இன்னும் தண்ணி மாஃபி, ஒரு சொட்டு இல்ல! என்னம்மா கம்பெனி நடத்துறீங்க?" என்று தேநீர்க் கடைக்காரர் ஒருவர் இரைவார்.

"அண்ணே, வண்டி உங்க பில்டிங் வாசல்லதான் நிக்குது. நீங்க டீயை அடுப்புல வைங்க, வந்துரும்."

"தண்ணியே இல்லாம எதைம்மா அடுப்புல வைக்கிறது?"

"அடுப்பை மட்டும் பத்த வைங்கண்ணே. மிச்சத்தை நான் அனுப்புறேன்."

ஏசத் தொடங்கியவர் சிரித்துத் தொலைபேசியை வைப்பார். இந்தி பேசுவோருக்கு இந்தி, மலையாளிக்கு மலையாளம், அரபு வீட்டுக்காரருக்கு ஐந்தாறு அரபுச் சொற்களும் மிகுதிக்குச் சிரிப்பும். இவ்வாறு ஊருக்கெல்லாம் வார்த்தையால் நிழல் தந்தவளுக்குத் தன் வீட்டில் மட்டும் வார்த்தை வற்றிப் போயிற்று.

கணவன் ரெங்கராஜ் ஷார்ஜா தொழிற்பேட்டையில் ஒரு கராஜில் வண்டிகளின் ஏசி பழுது பார்ப்பவன். கொதிக்கும் வண்டியைக் குளிரச் செய்து அனுப்புவதில் கைதேர்ந்தவன். குடியில்லை, கையோங்கும் வழக்கமும் இல்லை. பகலெல்லாம் இரும்போசை கேட்டவனுக்கு வீட்டில் அமைதி வேண்டும். பகலெல்லாம் பிறருக்காகப் பேசியவளுக்கோ மாலையில் தனக்காகப் பேச வேண்டும். இந்த இரண்டும் ஒரே கூரையின்கீழ் பொருந்தவில்லை. முதலில் சண்டை போட்டனர். பின்பு சண்டைக்கும் சலித்துப் போயினர். அவன் கராஜுக்கு அருகில் நண்பர்களோடு ஓர் அறை எடுத்துத் தங்கத் தொடங்கினான். இருவரும் நல்லவர், இருவரும் சேர்ந்திருந்த வீடுதான் நன்றாக இல்லை.

அந்த வாழ்க்கையில் நாகவள்ளி அவனை ஒரு முறையேனும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. 'என்னங்க' என்ற ஒரு சொல்லே எல்லாவற்றுக்கும் பயன்பட்டது. மணமான புதிதில் அந்தச் சொல் நாணத்தோடு வரும். மகள் ஆதிரை பிறந்த நாளில் அழுகையோடு வந்தது. குழாய் ஒழுகினால் அவசரமாய், கடைத்தெருவில் அவன் முன்னே நடந்துவிட்டால் ஓங்கிய குரலில், மாமியார் எதிரில் என்றால் பாதி விழுங்கியபடி. பிற்காலத்தில் அதில் உயிர் குறைந்து, கதவைத் தட்டும் ஓசைபோல் ஆகிவிட்டது.

பிரிந்துவிடுவது என்று இருவரும் உடன்பட்டனர். அதில் நாகவள்ளிக்குத் தடுமாற்றம் இல்லை. அவளை உறங்கவிடாத அச்சம் வேறு. ஊரிலிருந்து இருபக்க உறவினரும் நாள்தோறும் அழைத்து, "விடாதே, கேஸைப் போடு" என்று தத்தம் பக்கத்தைத் தூண்டினர். வழக்கென்று போனால், எட்டாம் வகுப்புப் படிக்கும் ஆதிரையை யாரோ ஒருவர் நீதிமன்றத்தில் நிறுத்தி, "அம்மா வேண்டுமா, அப்பா வேண்டுமா?" என்று கேட்பர். அந்தக் கேள்வி பிள்ளையின் காதில் விழக்கூடாது. அதற்கு எதைக் கொடுக்கவும் நாகவள்ளி ஆயத்தமாக இருந்தாள். எதைக் கொடுப்பது என்றுதான் தெரியவில்லை.

வழி தொலைபேசியிலேயே வந்தது. கீழக்கரையைச் சேர்ந்த ஜன்னத்துல் ஃபிர்தௌஸ் என்னும் வழக்கறிஞரின் அலுவலகத்துக்கு நாகவள்ளியின் நிறுவனமே தண்ணீர் அனுப்பி வந்தது. குரலால் மட்டுமே அறிமுகமானவர்கள்.

"நாகவள்ளி, ரெண்டு கேன் அனுப்புங்க. ஏன், உங்க குரல் இன்னைக்கு உப்புப் போடாத கஞ்சி மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்ல மேடம், ஜலதோஷம்."

"வக்கீல்கிட்டயே பொய்யா? ஜலதோஷத்துக்கும் அழுகைக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதா? டூட்டி முடிஞ்சதும் வாங்க. அந்த ரெண்டு கேனோட வண்டியிலேயே ஏறி வந்துருங்க."

அவ்வாறே போனாள். ஜன்னத்துல் ஃபிர்தௌஸ் எல்லாவற்றையும் கேட்டு முடித்து, இஞ்சித் தேநீரை அவள் பக்கம் நகர்த்தினார்.

"கூட்டுச் சட்டமுறைன்னு ஒண்ணு இருக்கு. உங்களுக்கு நான். அவருக்கு அவர் பார்த்துக்கிட்ட ஒரு வக்கீல். நாலு பேரும் ஒரே மேசையில உக்காந்து பேசணும். எதையும் ஒளிக்கமாட்டோம், கோர்ட்ல மோதமாட்டோம்னு முதல் நாளே நாலு பேரும் கையெழுத்துப் போடணும்."

"மீறி ஒருத்தர் கேஸ் போட்டுட்டா?"

"ரெண்டு வக்கீலும் கலாஸ். பையைத் தூக்கிக்கிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். நீங்க ரெண்டு பேரும் புது வக்கீல் தேடி, அலிஃப் பேன்னு முதல் எழுத்துல இருந்து ஆரம்பிக்கணும்."

நாகவள்ளிக்கு இது விந்தையாக இருந்தது. "அப்ப சண்டை வந்தா உங்களுக்குத்தான் மேடம் வேலை போயிரும்?"

"ஆமா. அதனாலதான் உங்க ரெண்டு பேர் சமாதானத்துக்கும் நான் தினம் துஆ கேப்பேன்" என்று அவர் சிரித்தார்.

"எம் பிள்ளையைக் கூப்பிட்டு யாரு வேணும்னு கேக்கமாட்டாங்களே?"

"நீங்களே பேசி முடிச்சிட்டா அவளைக் கேக்க என்ன இருக்கு? முடிச்சதை எழுதி, பதிவுக்கு மட்டும் அனுப்புவோம்."

அன்றே அவள் ரெங்கராஜை அழைத்துச் சொன்னாள். அவன், "கோர்ட்டு வேணாங்கிற, அதானே? சரி. எனக்கும் அலையறதுக்கு லீவு கிடைக்காது" என்றான். அவன் மொழியில் அது பெரிய இணக்கம்.

ரெங்கராஜுக்கு வாய்த்த வழக்கறிஞர் ஆதித்யா, புணேயில் வளர்ந்த இளைஞர். பண்பாளர், கேட்பதையெல்லாம் உடனுக்குடன் எழுதிக்கொள்ளும் சுறுசுறுப்பு உடையவர், தமிழ் ஒரு சொல்லும் அறியாதவர். தமிழில் பேசுவதை ஜன்னத்துல் ஃபிர்தௌஸ் அவருக்கு ஆங்கிலத்தில் எடுத்துச் சொல்வார். அந்த மேசைக்கு இரண்டு வழக்கங்கள் இருந்தன. கணவனும் மனைவியும் வழக்கறிஞரைப் பார்த்துப் பேசாமல் ஒருவரையொருவர் பார்த்தே பேச வேண்டும். அவர்கள் ஒருவரையொருவர் எப்பெயரால் அழைக்கின்றனரோ அப்பெயரையே குறிப்பிலும் எழுத வேண்டும். அப்போதுதான் எழுத்தில் வீட்டு மணம் இருக்கும், வழக்கு நெடி இராது என்பது ஆதித்யா பயின்ற பாடம்.

முதல் அமர்வில் நாகவள்ளியே தொடங்கினாள்.

"என்னங்க, வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் மத்தியானமே விட்டுரும்."

"ம்."

"என்னங்க, உங்களுக்கும் வெள்ளிதான லீவு. பஸ் நிக்கிற எடத்துக்கு நீங்களே போயி ஆதிரையைக் கூட்டிக்கிட்டுப் போங்களேன்."

ரெங்கராஜ் நிமிர்ந்தான். இதைக் கேட்டு வாங்க வேண்டியிருக்கும் என்று அவன் நினைத்திருந்தான், கேளாமலே கிடைத்துவிட்டது. "ராத்திரிச் சாப்பாடு வாங்கிக் குடுத்துட்டுக் கொண்டாந்து விடுறேன்" என்றான்.

"என்னங்க, பரோட்டாவா?"

"பின்ன? உன் ஓட்ஸ் கஞ்சியவா ஹோட்டல்ல தேடுறது?"

"வாரத்துல ஒரு நாள்தான? தின்னுட்டுப் போகட்டும்."

பல மாதங்களாக அவர்கள் இவ்வளவு பேசியதில்லை. ஆதித்யா மகிழ்ச்சியோடு எழுதிக்கொண்டே போனார். சனி, ஞாயிறு அம்மாவிடம்; வெள்ளிப் பிற்பகல் அப்பாவிடம்; பள்ளி விழாக்களுக்கு இருவரும். நாகவள்ளி வீடு திரும்புகையில் மெட்ரோவில் தன்னையறியாமல் பாடலொன்றை முணுமுணுத்தாள்.

அடுத்த நாள் நண்பகலில் அந்தக் குறிப்பு ஆங்கிலத்தில் இருவரின் கைப்பேசிக்கும் வந்தது. அழைப்புகளின் நடுவே இருந்த நாகவள்ளி, வீட்டுக்குப் போய்ப் படித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். கராஜில் ரெங்கராஜ் காத்திராமல், ஆங்கிலம் ஓரளவு அறிந்த பெயிண்டர் நாகலிங்கத்திடம் கைப்பேசியை நீட்டினான். அங்கே நடந்ததைப் பின்னாளில் ரெங்கராஜே சொல்லச் சொல்ல, நாகவள்ளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"டேய் ரெங்கா, வெள்ளிக்கிழமை பிள்ளை உங்கிட்ட இல்லடா" என்றான் நாகலிங்கம்.

"பின்ன யாருகிட்ட?"

"மிஸ்டர் எனாங்கான்னு போட்டிருக்கு."

"எனாங்காவா? அது யார்ரா?"

"நம்ம ஊருப் பேராத் தெரியல. ஆனா வரிக்கு வரி அவன்தான் இருக்கான். பஸ்ஸுல இருந்து கூட்டிக்கிட்டுப் போறது எனாங்கா. ஸ்கூல் விழாவுக்கு வர்றது எனாங்கா."

"நல்லாப் பார்றா!"

"பாத்துட்டேன்டா. பரோட்டா வாங்கிக் குடுக்கிறதும் எனாங்காதான்."

மற்றவற்றைப் பொறுத்த ரெங்கராஜ் பரோட்டாவில் நிலை குலைந்தான். "எம் பிள்ளைக்குப் பரோட்டா வாங்கிக் குடுக்க அவன் யாருடா?" என்று கையிலிருந்த ஸ்பேனரை எறிந்துவிட்டு, நாகவள்ளியின் நிறுவனத்துக்கே அழைத்தான். பணி நேரத்தில் அவள் தன் கைப்பேசியை எடுப்பதில்லை.

"வணக்கம், சொல்லுங்க. எத்தனை கேன் அனுப்பட்டும்?" என்றது இனிய குரல்.

"கேனா! யாருடி அந்த எனாங்கா?"

"என்னங்க?"

"ஆங்! அவனேதான்! வாய் தவறி வந்திருச்சு பாத்தியா!"

"என்னங்க சொல்றீங்க?"

"நானா சொல்றேன்? வக்கீலே எழுதியிருக்கான்! ஒளிக்கமாட்டோம்னு கையெழுத்துப் போட்டுட்டு ஒரு ஆளையே ஒளிச்சு வச்சிருக்க. இனிமே பேச்செல்லாம் கிடையாது. கேஸ் போடுறேன், கோர்ட்டுல பாத்துக்கிடலாம்!"

தொடர்பு அறுந்தது. இனி நடக்கப்போவது நாகவள்ளியின் கண்முன் ஓடியது. மேசை கலையும், வழக்கறிஞர் இருவரும் எழுந்து போவர், ஆதிரை அந்தக் கேள்வியின் முன் நிற்பாள். அவள் திரும்பத் திரும்ப அழைத்தும் ரெங்கராஜ் எடுக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, அப்படி என்னதான் எழுதியிருக்கிறது என்று குறிப்பைத் திறந்தாள். எழுத்துக் கூட்டி ஒரு முறை படித்தாள். வாய்விட்டு மறுமுறை படித்தாள். 'மிஸ்டர் எ... னாங்... கா.' அழைப்புகள் ஒலித்துக்கொண்டிருக்க, நாற்காலியில் சாய்ந்து கண்ணீர் வழியச் சிரித்த அவளைப் பார்த்து, பக்கத்து இருக்கையிலிருந்த சங்கீதா மிரண்டு தண்ணீர் கொண்டுவந்தாள்.

விலக நினைப்பவர் ஒரு முறை மேசைக்கு வந்து, முகம் பார்த்துச் சொல்லிவிட்டே விலக வேண்டும் என்பதும் அவர்கள் கையெழுத்திட்ட விதிகளில் ஒன்று. வழக்குப் போட வேண்டும் என்று ரெங்கராஜ் அழைத்தபோது, ஆதித்யா அந்த விதியைச் சொல்லி அன்று மாலையே அவனை அழைத்து வந்துவிட்டார். கிரீஸ் படிந்த சட்டையோடு வந்த ரெங்கராஜ் உட்காரவும் மறுத்தான்.

"எங்க அவன்? இன்னைக்கு எனக்கு ரெண்டுல ஒண்ணு தெரியணும்!"

ஜன்னத்துல் ஃபிர்தௌஸ் குறிப்பை அப்போதுதான் பார்த்திருந்தார். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சன்னல் பக்கம் திரும்பி நின்றார். நாகவள்ளி தன் பணிக்குரலின் முழு இனிமையோடு ஆதித்யாவிடம் இந்தியில் கேட்டாள்:

"வக்கீல் சார், எனாங்கா யாருன்னு இவருக்குக் கொஞ்சம் காட்டுங்க."

ஆதித்யா குழப்பத்தோடு எழுந்தார். இதில் ஐயத்துக்கு என்ன இடம் என்பதுபோல ரெங்கராஜை நோக்கிக் கைநீட்டினார்.

ரெங்கராஜ் சட்டென்று தனக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தான். அங்கே தாங்கியின்மேல் தண்ணீர்க் கேன் ஒன்றுதான் கவிழ்ந்திருந்தது.

"யாருமில்லையே!"

"என்னங்க," என்றாள் நாகவள்ளி.

"என்ன?"

"இதோ! இதோ!" என்று இந்தியில் துள்ளினார் ஆதித்யா. "அவங்க கூப்பிட்டாங்க, இவர் திரும்பினார். இதுதானே இவர் வீட்டுப் பெயர்?"

ரெங்கராஜ் மனைவியைப் பார்த்தான், குறிப்பைப் பார்த்தான், அவன் உதடு அசைந்து அசைந்து அந்தப் பெயரைச் சுவைத்தது. பின்பு அறையே அதிரும்படியான ஒரு சிரிப்பு அவனிடமிருந்து வந்தது. மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். நாகவள்ளி சிரித்தாள், ஜன்னத்துல் ஃபிர்தௌஸ், "யா அல்லாஹ், முடியல" என்று நாற்காலியில் விழுந்தார். பொருள் விளங்கியபின் ஆதித்யா காது மடல் சிவந்து, மூன்று மொழிகளில் மன்னிப்புக் கேட்டார்.

"ஏன் புள்ள," என்று கண்ணைத் துடைத்தான் ரெங்கராஜ், "இத்தன வருஷத்துல எம் பேரை ஒரே ஒரு தடவை சொல்லியிருந்தா இந்த வம்பு வந்திருக்குமா?"

"புருசன் பேரைச் சொன்னா ஆயுசு குறையும்னு எங்கம்மா சொல்லிச்சு."

"அதான் பிரியப் போறமே. இனிமே குறைஞ்சா உனக்கென்ன?"

"எனக்கு ஒண்ணுமில்ல. ஆதிரைக்கு அப்பா வேணும்ல."

அவன் சிரிப்பு நின்றது. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். வழக்குப் பேச்சு அத்துடன் தீர்ந்தது என்பதை அந்த நாற்காலியின் ஓசையிலேயே நாகவள்ளி அறிந்துகொண்டாள்.

"அப்ப இதையும் பேசிருவோம்" என்றார் ஜன்னத்துல் ஃபிர்தௌஸ். "பிரிஞ்சப்புறமும் பிள்ளைக்காக ரெண்டு பேரும் பேசித்தான ஆகணும். அவரை என்னன்னு கூப்பிடுவீங்க?"

"பேரைச் சொல்லியே கூப்பிடட்டும்" என்றான் ரெங்கராஜ் தாராளமாக.

நாகவள்ளி முயன்றாள். "ரெங்..." என்று தொடங்கி நாணினாள். மறுபடி தொண்டையைச் செருமி, முதுகை நிமிர்த்தி, "வணக்கம் ரெங்கராஜ் சார், எத்தனை கேன் அனுப்பட்டும்?" என்றாள். அந்தக் குரலில்தான் அவளுக்கு அந்தப் பெயர் வந்தது. மறுபடியும் அறை சிரித்தது.

"இது ஆவாது" என்றான் அவன்.

அவள் சற்று எண்ணினாள். "ஆதிரை அப்பா" என்றாள் மெல்ல.

அவன் தலை குனிந்து, "சரி, ஆதிரை அம்மா" என்றான்.

எந்தப் பதிவேடும் பிரித்துவிட முடியாத பெயர்கள் அவை. ஒருவரைப் பற்றி மற்றவர் மகளிடம் தாழ்த்திப் பேசுவதில்லை என்றும், அவளெதிரில் அந்தப் பெயர்களாலேயே அழைத்துக்கொள்வது என்றும் எழுதச் சொன்னார்கள். ஆதித்யா ஒவ்வோர் எழுத்தாகக் கேட்டு எழுதிவிட்டு, "இந்தச் சொற்களுக்கு வேறு ஏதும் பொருள் இல்லையே?" என்று மற்ற மூவர் முகத்தையும் ஐயத்தோடு பார்த்தார்.

அதன்பின் இருந்தவை எளிதில் தீர்ந்தன. யாரும் ஆதிரையை அழைத்து எதையும் கேட்கவில்லை. உடன்படிக்கை பதிவாகி வந்த அன்று, ரெங்கராஜ் அலுவலகத்துக்கு அல்வா வாங்கி வந்தான். மணமுறிவுக்கு இனிப்பு வழங்கிய முதல் கட்சிக்காரர் இவரே என்று ஆதித்யா வியந்தார்.

இப்போது வெள்ளிதோறும் நண்பகலில் அல் குசைஸ் பேருந்து நிறுத்தத்தில் ரெங்கராஜ் நிற்கிறான். மாலையில் மகளை வாயிலில் விட வரும்போது, முன்பு வீட்டுக்குள் பேசாத பேச்செல்லாம் மின்தூக்கியின் முன்னே நடக்கிறது. கராஜில் எந்த வண்டி வந்தது, நாகவள்ளியை இன்று யார் ஏசினார் என்பவை. "அம்மா, நீங்க ரெண்டு பேரும் இப்பதான் ஃப்ரெண்ட்ஸ் மாதிரி இருக்கீங்க" என்று ஆதிரை ஒரு நாள் வியந்தாள். அவளுக்குப் பரோட்டா பழகிவிட்டது. ஓட்ஸ் கஞ்சியைப் பற்றிய அப்பாவின் கருத்தையும் அவள் ஏற்றுக்கொண்டுவிட்டாள். அது ஒன்றே நாகவள்ளிக்கு இன்றும் உள்ள குறை.

கோடை தொடங்கிய ஒரு காலையில் நிறுவனத்தின் தொலைபேசி ஒலித்தது.

"வணக்கம், சொல்லுங்க. எத்தனை கேன் அனுப்பட்டும்?"

"ஷார்ஜாவுக்கு வண்டி வருமா? கராஜுக்கு அஞ்சு கேன் வேணும்."

நாகவள்ளிக்குக் குரல் தெரிந்துவிட்டது. தெரியாதவள்போலவே கேட்டாள்: "வரும் சார். யார் பேருல எழுதிக்கிடட்டும்?"

"எனாங்கான்னு போட்டுக்கிடுங்க. மிஸ்டரையும் சேத்து."

அந்தப் பெயரிலேயே அவள் பதிந்தாள். இன்றும் ஓட்டுநர்கள் அந்தப் பெயரைச் சொல்லியே கராஜில் கேனை இறக்குகின்றனர். நாகலிங்கம்தான் முன்னே வந்து கையெழுத்திடுகிறான்.

இன்சொல் மறந்த வீட்டுக்கு இன்சொல்லை மீட்டுத் தந்த இறைவன், இரண்டாகிய அவ்விரு மனையையும் ஒரு மகளின் பொருட்டு ஒன்றெனக் காப்பானாக. ஆதிரை கல்வியும் நலமும் பெற்று ஓங்குக. நாகவள்ளியின் வாயிற்படியில் வெள்ளிதோறும் சிரிப்பொலி கேட்பதாக. கோடை எத்துணை கொடிதாயினும், அவள் அடுப்பில் பாலும் அவள் கலத்தில் தண்ணீரும் குறையாதிருக்க, அவள் குடி வாழ்க, வாழ்க.